வல்லாரை தின்றால் வாய்ப்பாடு வருமா?

மாசி பிறந்துவிட்டால் வருகிற கடிதங்களில் பாதி பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளைப் பற்றியவை. மறுபாதி வீட்டுப் பெரியவர்களின் மறதி பற்றியவை. இரண்டு பாதியும் கடைசியில் மூலிகையில் வந்து நிற்கின்றன. அதனால் இந்த முறை மூலிகையும் மூளையும் மட்டும்.

பிளஸ் டூ தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். அம்மா நீர்ப்பிரம்மி மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். இன்றைக்கு ஆரம்பித்தால் பலன் கிடைக்குமா?
*மாணவி, தேனி*

இந்தத் தேர்வுக்குக் கிடைக்காது, கண்ணு. ஆஸ்திரேலியாவில் 38 பேருக்கு ஒரே வேளை 300 மில்லிகிராம் நீர்ப்பிரம்மிச் சத்தைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து நினைவைச் சோதித்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. 2001-ல் வெளிவந்த முடிவு அது. அதே ஆண்டு, அதே நாட்டில், அதே அளவை 12 வாரம் தினமும் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில்தான் வித்தியாசம் தெரிந்தது. மூன்று வாரத்தில் உனக்கு வரக்கூடியது குமட்டலும் வயிற்றுக் கடுப்பும்தான். இந்த மூலிகைக்கு அந்தக் குணம் உண்டு. தேர்வு அறையில் அது உனக்கு வேண்டாம்.

மூன்று வாரத்துக்குள் பலிக்கிற வழி ஒன்று இருக்கிறது, காசும் இல்லை. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்காதே. ஒரு முறை படி, புத்தகத்தை மூடு, நினைவில் இருப்பதை எழுது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான். ராத்திரி முழுதும் கண்விழிக்காதே. பகலில் படித்ததை மூளை இறுகப் பிடித்துக்கொள்வது நீ தூங்கும்போதுதான்.

வல்லாரையும் பிரம்மியும் ஒன்றா, வேறா? எங்கள் ஊர் வைத்தியர் ஒன்றைக் காட்டுகிறார், வடக்கே வேலை பார்க்கும் மகன் வேறொன்றை அனுப்புகிறான்.
*இல்லத்தரசி, நாகர்கோவில்*

வேறு வேறுதான் அம்மா. குழப்பம் உங்களுடையது இல்லை, பெயருடையது.

வல்லாரை இலை வட்டமாக, சிறுநீரகம் போல ஒரு பக்கம் பிளந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும். தரையோடு ஓடும் கொடியிலிருந்து நீளக் காம்பில் எழும்பி நிற்கும். கொத்தமல்லியும் கேரட்டும் அதற்கு உறவு. நீர்ப்பிரம்மி இலை சின்னது, தடித்தது, காம்பே இல்லாததுபோல் ஜோடி ஜோடியாகத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயில் போட்டால் நாக்கு சுருங்கும் கசப்பு. அது இசப்கோல் குடும்பம். கேரளத்திலும் உங்கள் பக்கத்திலும் பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி. வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்கிறார்கள். உங்கள் மகன் அனுப்பிய பாட்டிலின் பின்பக்கத்தில் தாவரவியல் பெயரைப் பாருங்கள். சென்டெல்லா என்றால் வல்லாரை, பகோபா என்றால் நீர்ப்பிரம்மி. பெயரே போடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

சங்கபுஷ்பியின் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஊரில் அது கான்வால்வுலஸ் என்ற படர்கொடி, இன்னொரு ஊரில் விஷ்ணுகிராந்தி, கேரளத்தில் நம் வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குப்பூ. சரக சம்ஹிதை புத்திக்கு நான்கு மூலிகைகளைச் சொல்கிறது: வல்லாரைச் சாறு, பாலில் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, அரைத்த சங்கபுஷ்பி. நான்காவது எந்தச் செடி என்று இன்றைக்கும் தகராறு. ஒரு செடியில் நடந்த ஆய்வை இன்னொரு செடியின் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் வருகிறது. இது மூலிகைக்குச் செய்கிற துரோகம்.

வல்லாரையோடு புளி சேர்க்கலாமா?
*புதுமணப்பெண், சிதம்பரம்*

மருந்தாகச் சாப்பிடும்போது புளியைத் தள்ளச் சொல்வது வைத்தியர்களின் பத்தியம். அவர்கள் பேச்சைக் கேளுங்கள். கீரையாகச் சாப்பிட யாழ்ப்பாணத்து வழி இருக்கிறது. பச்சை இலையைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டுப் பிசறி, கடைசியில் தேசிக்காய் (நம் எலுமிச்சை) பிழிந்தால் சம்பல். அடுப்பே வேண்டாம். அதனாலேயே கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று பார்த்து வாங்குங்கள். வல்லாரை ஈரத்தில் வளர்வது. சாக்கடை ஓரத்து ஈரமும் அதற்கு ஈரம்தான், அங்குள்ள உலோகங்களையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

என் அப்பாவுக்கு 74 வயது. கேட்டதையே கேட்கிறார். போன மாதம் கோயிலிலிருந்து திரும்பும் வழி தெரியாமல் நின்றுவிட்டார். எட்டு மாதமாகச் சாரஸ்வதாரிஷ்டம் கொடுக்கிறோம். அளவைக் கூட்டலாமா?
*மகன், திருச்சி*

கூட்டாதீர்கள். இந்த வாரமே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அரிஷ்டத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வழி தவறுவது வயதின் சாதாரண மறதி இல்லை. ஆனால் மறதி எல்லாமே அல்சைமர் என்றும் அர்த்தமில்லை. வைட்டமின் பி12 குறைந்தால் மறதி வரும். தைராய்டு மந்தமானாலும் வரும். மனைவியை இழந்த துக்கம் உள்ளே உறைந்து கிடந்தாலும் வரும். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டு, உள்ளே மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் வரும். காது கேட்காதவர் பதில் தப்பாகச் சொன்னால் நாம் அதையும் மறதி என்கிறோம். பிறகு மாத்திரைகள். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகள் பெரியவர்களின் நினைவைக் கலைக்கும். நினைவுக்கு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளைக்குத் தேவை. அந்த மாத்திரைகளில் பல அதன் வேலையைத்தான் தடுக்கின்றன. இந்தக் காரணங்களில் ஏதாவது ஒன்று என்றால், பல சமயம் சரிசெய்ய முடியும், அல்லது குறைக்க முடியும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு.

என் பெரியம்மாவுக்கு 71 வயதில் இப்படித்தான் தொடங்கியது. அடுப்பை அணைக்க மறந்தார், பேரன் பெயரை மாற்றிச் சொன்னார். வயதாகிவிட்டது என்றோம். வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டத்தில் இருப்பது தெரிந்தது. சைவச் சாப்பாடு, சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்களில் பெரியம்மா மறுபடி கணக்குப் பார்த்துப் பால்காரனுக்குக் காசு கொடுத்தார். முழுக்கப் பழையபடி ஆகவில்லை. அந்த ஆறு மாதத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் எட்டு மாதம் ஒன்பதாக வேண்டாம்.

அரிஷ்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அது புளிக்கவைத்துச் செய்வது. தானாக ஊறிய சாராயச் சத்து அதில் இருக்கும், இனிப்பும் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலும், தூக்க மாத்திரை போட்டாலும் அது சும்மா இருக்காது.

மறதி நோய்க்கு ஆங்கில மருத்துவம் தரும் மாத்திரைகள் எல்லாம் ரசாயனம்தானே? செடியிலிருந்து ஒன்றுகூட இல்லையே?
*வாசகர், ஈரோடு*

இருக்கிறது. அல்சைமருக்குத் தரும் கேலன்டமைன், பனி உருகும் முன்பே பூக்கிற ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூச்செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. 1950-களில் பல்கேரியாவில் அதை மருந்தாக்கினார்கள். அமெரிக்கா 2001-ல் அல்சைமருக்கு அனுமதித்தது. ரிவாஸ்டிக்மைன் ஆய்வகத்தில் செய்தது, ஆனால் அதன் முன்மாதிரி நைஜீரியப் பக்கத்துக் கலபார் அவரையில் இருக்கும் நஞ்சு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அந்த அவரையைத் தின்னக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது.

இரண்டும் செய்வது ஒரே வேலை. மேலே சொன்னேனே, அசிட்டைல்கோலின், அதைச் சிதைக்கிற நொதியைத் தடுக்கின்றன. மீதமிருக்கும் ரசாயனம் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறது. நோய் நிற்பதில்லை. சிலருக்குச் சில காலம் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் எளிதாகிறது. இதே நொதியைத் தடுக்கும் தன்மை நம் மூலிகைகள் சிலவற்றிலும் சோதனைக்குழாயில் தெரிகிறது. சோதனைக்குழாயிலிருந்து தாத்தாவின் மூளைக்கு வெகு தூரம்.

அமெரிக்காவிலிருக்கும் தம்பி எனக்கு ஜிங்கோ அனுப்புகிறான். மறதி வராமல் தடுக்குமா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை*

தடுக்காது. உங்கள் தம்பி இருக்கும் நாட்டிலேயே 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சோதித்தார்கள். தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம், சராசரியாக ஆறு ஆண்டுகள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த அளவு மறதி நோய் இவர்களுக்கும் வந்தது. முடிவு 2008-ல் வெளியானது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். தம்பிக்கு அன்பைச் சொல்லி, அடுத்த முறை நேரில் வரச் சொல்லுங்கள்.

வலிப்பு உள்ள என் பையனுக்குப் படிப்பில் கவனம் வர சங்கபுஷ்பி சிரப் கொடுக்கச் சொல்கிறார்கள். மூலிகைதானே, கொடுக்கலாமா?
*தாய், திண்டிவனம்*

கொடுக்காதீர்கள் அம்மா. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டு நன்றாக இருந்த இரண்டு பேருக்குத் திடீரென வலிப்புத் திரும்பியது. காரணம் தேடிய இந்திய மருத்துவர்கள், அவர்கள் கூடவே சங்கபுஷ்பி சிரப் குடித்து வந்ததைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு குறைந்திருந்தது. 1992-ல் அதைப் பதிவு செய்தார்கள். மூலிகைதானே என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது: பலன் உண்டு, தீங்கு இல்லை. மூளைக்குள் போய் வேலை செய்யும் எதுவும், அங்கே முன்பே வேலை செய்யும் மருந்தோடு மோதக்கூடும். பையனின் மருத்துவரைக் கேட்காமல் எந்த சிரப்பும் வேண்டாம்.

நம் சித்தர்கள் சொன்னது போதாதா? எதற்கு ஒவ்வொரு மூலிகையையும் வெள்ளைக்காரன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி*

ஐயா, உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. கேலியாகப் பேசி ஒரு மருத்துவத்தையே ஒதுக்கிய காலம் இருந்தது. ஆனால் சோதனை வெள்ளைக்காரன் சொத்தா?

சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். மனநோய்க்கு நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வேர். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதைப் பரிசோதித்து 1931-ல் எழுதினார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக்கொதிப்புக்கு அது வேலை செய்வதை நோயாளிகளிடம் பார்த்து 1949-ல் வெளியிட்டார். பிறகுதான் உலகம் திரும்பியது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பைன் பிரிக்கப்பட்டது. கதை அங்கே முடியவில்லை. ரெசர்பைன் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். ஏன் என்று தேடியபோது, மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றின் இருப்பை அது காலி செய்வது தெரிந்தது. மனச்சோர்வுக்கும் மூளையின் ரசாயனத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஆராய்ச்சிக்கே அது ஒரு வாசல். நம் வேர் ஒன்று உலகத்தின் மூளை அறிவியலை நகர்த்தியது. சோதிக்காமல் விட்டிருந்தால் அதன் பெருமையும் தெரிந்திருக்காது, அதன் ஆபத்தும் தெரிந்திருக்காது.

நீர்ப்பிரம்மிக்கும் இதுவே நடந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் அதிலிருந்து பகோசைடுகளைப் பிரித்து எடுத்தார்கள். 40 முதல் 65 வயதுக்குள் 76 பேரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது: புதிதாகக் கற்கும் வேகம் கூடவில்லை, கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது. குடத்தில் நீர் வேகமாக நிரம்பவில்லை, ஓட்டை சிறிதானது. எந்த விளம்பரமும் இதை இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை. ஆய்வுகள் இன்னும் சிறியவை, குறுகிய காலத்தவை. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடியவை இல்லை.

சித்த மருத்துவமும் செடியைப் பிடுங்கி வாயில் போடச் சொல்லவில்லை, ஐயா. சுத்தி, அனுபானம், பத்தியம், காலம் என்று எவ்வளவு கட்டுப்பாடு! வல்லாரை நெய், பிரமி நெய் என்று நெய்யில் காய்ச்சிக் கொடுத்தார்கள். இந்தச் செடிகளின் சத்துகள் சிலவற்றுக்குத் தண்ணீரைவிடக் கொழுப்பு உதவுகிறது என்று இன்று பேசுகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் உதறிவிட்டு மூலிகையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட வியாபாரம்தான் சித்தர்களை அவமதிக்கிறது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் குறைக்கும். புத்திக்கு என்று கொடுக்கும் பொடியில் அது இருந்தால் என்ன செய்வது? சோதிக்க வேண்டும், ஐயா. நம் பொருள் என்பதாலேயே சோதிக்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் இந்த வேலை இன்னும் பல மடங்கு நடக்க வேண்டும். அதற்காக நீங்கள் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன்.

அமுக்கரா சாப்பிட்டால் ஞாபகம் கூடுமா?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

தூக்கமும் பதற்றமும் சிலருக்குச் சற்றுத் தணிவதாக ஆய்வுகள் இருக்கின்றன. தூங்கினால் ஞாபகம் தானே தேறும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது. ஈரல் பாதிப்பும் சிலருக்குப் பதிவாகியிருக்கிறது. உடல் சோர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றே நிறுத்துங்கள். வல்லாரை மாத்திரைக்கும் இதையே சொல்வேன்.

பேச்சு சீக்கிரம் வர, புத்தி வளர, குழந்தைக்கு வசம்பு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். மூன்று மாதக் குழந்தை.
*இளந்தாய், விருதுநகர்*

உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்கிறார். பேர் சொல்லாதது, பிள்ளை வளர்ப்பான் என்று நம் வீடுகளில் அதற்கு அவ்வளவு மரியாதை. ஆனாலும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயைத் தூண்டியதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. வட அமெரிக்க வசம்பில் அந்தப் பொருள் இல்லை, நம் நாட்டு வகையில்தான் அதிகம். மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேச்சு வர வேண்டுமென்றால் நீங்கள் பேசுங்கள் அத்தை, மடியில் வைத்துப் பாட்டுப் பாடுங்கள். மூளை வளர்ச்சிக்கு அது மெய்யாகவே உரமிடும்.

"பிள்ளை வகுப்பில் முதல்", "மறதி நோய் வேரோடு போகும்" என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, கேட்பாரில்லையா?
*வாசகி, சேலம்*

சட்டம் இருக்கிறது. 1954-ன் மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் மூளை நோய்களும் உண்டு. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. அந்த விளம்பரத்தை வெட்டி எடுத்து, தேதி எழுதி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள். நான் அனுப்புகிறேன். இரண்டு பேர் அனுப்பினால் கொஞ்சம் கனம் கூடும்.

பேரனுக்கு வல்லாரை வளர்க்க ஆசை. தொட்டியில் வருமா? எனக்கு 80 வயது, குனிய முடியாது.
*பாட்டி, கும்பகோணம்*

அழகாக வரும் பாட்டி. வேரோடு நான்கு கணு உள்ள கொடி ஒன்று போதும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியை ஸ்டூல் மேல் வைத்துவிடுங்கள், குனிய வேண்டாம். காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடம் நல்லது. மண் காயக் கூடாது. நீங்கள் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். கொடி தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்க ஆரம்பித்ததும் இலையைக் காம்போடு கிள்ளுங்கள், வேரைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பேரனிடம் விட்டுவிடுங்கள். அவன் மறந்தால் இலை வாடிக் காட்டும், சாயங்காலம் ஊற்றினால் மறுபடி நிமிர்ந்துவிடும்.